அரும்பொறுப்பு ஏற்ற ஹஜ்ரத் பிலால் (ரலி)

நாள்தோறும் ஐவேளையும் பள்ளிவாசல்களிலிருந்து பாங்கொலி எழும்போதெல்லாம் முஸ்லிம்களின் உள்ளத்தில் நிழலாடும் திருப்பெயர் ஒன்று உண்டு. அது ஹஜ்ரத் பிலால் இப்னு ரபாஹ் (ரலி) அவர்களின் பெயராகும். நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் அவர்களுடைய வரலாறு பெரும்பாலும் மக்காவின் சுடுமணலில் தொடங்கிக் கஅபாவின் முகட்டில் நிறைவு பெறுகிறது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் செய்த பணி என்ன, அதனை யார் அவர்களிடம் ஒப்படைத்தார்கள், அதன் சுமையை அவர்கள் எவ்வாறு தாங்கினார்கள் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அடிமைத்தளையை அறுத்துவிடுவது அறத்தின் முற்பாதி. அறுபட்டவரின் ஆற்றலை அறிந்து, அதற்கேற்ற பொறுப்பைக் கொடுத்து, இடரிலும் தவறிலும் அவருக்குத் துணை நிற்பது அதன் பிற்பாதி. அந்தப் பிற்பாதியைப் பெருமானார் நபி (ஸல்) அவர்கள் நிறைவேற்றிக் காட்டிய விதத்தைப் பிலால் (ரலி) அவர்களின் வாழ்விலே தெளிவாகக் காணலாம்.

சுடுமணலில் விளைந்த உறுதி

பிலால் (ரலி) அவர்களின் தந்தையார் ரபாஹ்; அன்னையார் ஹமாமா. அபிசீனிய வமிசத்தைச் சேர்ந்த கறுத்த மேனியினரான அவர்கள், மக்கத்துக் குறைஷிகளின் ஒரு கிளையாரான பனூ ஜுமஹ் குடும்பத்தாரிடம் அடிமையாக இருந்தார்கள். குலமும் கோத்திரமுமே ஒருவருக்கு வேலியாக இருந்த காலம் அது. தமக்கென ஒரு கோத்திரம் இல்லாதவருக்குப் பரிந்து பேச நாதியில்லை. அத்தகைய நிலையிலிருந்த பிலால் (ரலி) அவர்கள் ஏகத்துவ அழைப்பைச் செவியுற்றதும், தயக்கமின்றி அதனை ஏற்றார்கள். தம் ஈமானை வெளிப்படையாக அறிவித்த முதற் சிலருள் அவர்களும் ஒருவர்.

இதனை அறிந்த உமையா இப்னு கலஃப் சினங்கொண்டான். நண்பகல் வெயிலில் அவர்களை வெட்டவெளிக்கு இழுத்துச் சென்று, கொதிக்கும் மணலில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின்மீது பெரும் பாறையை ஏற்றி வைத்தான். முஹம்மதை மறுத்து, லாத்தையும் உஸ்ஸாவையும் வணங்கும்வரை இவ்வேதனை நீங்காது என்று மிரட்டினான். இறைவன் ஒருவனே என்னும் பொருள் தரும் ஒற்றைச் சொல்லைத் தவிர வேறெதுவும் அவர்களின் நாவிலிருந்து வரவில்லை. இக்கொடுமையைக் கண்ணுற்ற ஹஜ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் விலை கொடுத்து வாங்கி, அல்லாஹ்வுக்காக அவர்களை விடுதலை செய்தார்கள்.

விடுதலை பெற்ற பின்னரும் மக்கத்துப் பெருங்குடியினரின் பார்வையில் அவர்கள் அடிமையாகவே இருந்தார்கள். பிலாலையும் அவர்களைப் போன்ற எளியோரையும் அவையிலிருந்து அகற்றினால், தாங்கள் வந்து பெருமானாருக்குச் செவி கொடுப்பதாக அவர்கள் பேரம் பேசினர். குறைஷித் தலைவர்கள் இணங்கிவிட்டால் முஸ்லிம்களின் துன்பம் அன்றே தீர்ந்துவிடும் என்றுகூட ஒருவர் எண்ணக்கூடும். ஆயின், காலையும் மாலையும் தம் இறைவனை அழைப்போரை விரட்டிவிட வேண்டாம் எனத் திருமறையின் 6ஆம் அத்தியாயம், 52ஆம் வசனம் இறங்கிற்று. எளியோரை விலையாகக் கொடுத்து வலியோரை வாங்கும் வாணிபம் இம்மார்க்கத்தில் இல்லை என்பது அன்றே தீர்ப்பாயிற்று.

கனவு கண்டவரும் பணி பெற்றவரும்

கி.பி. 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தது. மக்காவிலிருந்து வந்தோருக்கும் மதீனத்து அன்ஸார்களுக்கும் பெருமானார் (ஸல்) அவர்கள் சகோதர உறவை ஏற்படுத்தி வைத்தபோது, கஸ்அம் கோத்திரத்தாராகிய அபூ ருவைஹா (ரலி) அவர்களுக்குப் பிலால் (ரலி) அவர்கள் சகோதரராக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். கோத்திரமற்றவருக்கு ஓர் உடன்பிறப்புக் கிடைத்தது.

மதீனாவில் பள்ளிவாசல் எழுந்தபின், தொழுகைக்கு மக்களை அழைப்பது எவ்வாறு என்னும் ஆலோசனை நடைபெற்றது. கொம்பு ஊதலாம் என்றனர் சிலர். மணியடிக்கலாம் என்றனர் வேறு சிலர். அந்நிலையில் அன்ஸாரித் தோழர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள், பாங்கின் சொற்களைத் தாம் கனவில் கேட்டதாக வந்து தெரிவித்தார்கள். அது உண்மையான கனவே என்று ஏற்றுக்கொண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அச்சொற்களைப் பிலாலுக்குக் கற்றுக்கொடுக்குமாறு பணித்தார்கள். அதற்கு அவர்கள் கூறிய காரணம் ஒன்றே: பிலாலின் குரல் தொலைதூரம் சென்று ஒலிக்கக்கூடியது.

இச்சிறு நிகழ்ச்சி நம் சிந்தனைக்கு உரியது. கனவு கண்டவரோ மதீனாவில் பிறந்து வளர்ந்த சுதந்திரர். அவரையே அழைப்பாளராக நியமித்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க முடியாது. குலமோ, ஊரோ, முதலில் வந்து சொன்ன பெருமையோ அங்கே அளவுகோலாகவில்லை. பணிக்குத் தேவை குரல். குரல் யாரிடம் உள்ளதோ அவரிடம் பணி சென்றது. கனவு கண்ட தோழரும் மனங்கோணாது அருகில் நின்று, ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தார்கள். தகுதியை அறிந்த தலைமை, தகுதிக்கு வழிவிட்ட தோழமை, தகுதிக்கேற்ப உழைத்த பணியாளர் என மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் அது.

பிலால் (ரலி) அவர்கள் அப்பணியை ஆற்றிய முறையைப் பனூ நஜ்ஜார் குலத்துப் பெண்மணி ஒருவர் எடுத்துரைத்திருக்கிறார். பள்ளிவாசலைச் சூழ்ந்திருந்த வீடுகளுள் அவருடைய வீடே உயரமானது. பிலால் (ரலி) அவர்கள் ஸஹர் நேரத்திலேயே வந்து, அவ்வீட்டு முகட்டில் அமர்ந்து, கிழக்கு வெளுப்பதை எதிர்நோக்கிக் காத்திருப்பார்கள். வைகறை தோன்றியதும் எழுந்து சோம்பல் முறித்து, முதலில் ஒரு துஆச் செய்வார்கள். குறைஷியர் இறைவனின் மார்க்கத்தை நிலைநாட்டுவோராக ஆகவேண்டும் என்பதற்காக இறைவனிடம் உதவி தேடும் துஆ அது. அதன் பின்னரே பாங்கு சொல்வார்கள். ஓர் இரவேனும் அவர்கள் அந்தத் துஆவை விட்டதைத் தாம் அறியவில்லை என்கிறார் அப்பெண்மணி. பிலாலைச் சுடுமணலில் கிடத்தியவர்கள் யார்? குறைஷியர்! அந்தக் குறைஷியருக்காக, ஊரெல்லாம் உறங்கும் வேளையில், பிறர் அறியாத மாடியில் அமர்ந்து அவர்கள் இறைஞ்சினார்கள். பட்ட துன்பத்தைப் பகையாக வளர்க்காத நெஞ்சின் விரிவை என்னென்பது!

பாங்குப் பணியில் அவர்களுக்குத் துணையாக இருந்தவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். இவர்களோ கண் பார்வை இழந்தவர்கள். ரமலான் இரவுகளில் பிலால் (ரலி) அவர்கள் வைகறைக்கு முன்பே பாங்கு சொல்வார்கள். அது உறங்குவோரை எழுப்புவதற்கும், தொழுவோர் சற்று ஓய்வு கொள்வதற்கும் உரிய பாங்கு. இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கு கேட்கும்வரை உண்ணலாம், பருகலாம் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் கட்டளை. விடிந்துவிட்டது என்று பிறர் அறிவித்ததும் அவர்கள் பாங்கு சொல்வார்கள். முன்னாள் அடிமை ஒருவர், பார்வையற்றவர் ஒருவர்: இவ்விருவரின் குரலைக் கேட்டே மதீனா நகரம் முழுவதும் எழுந்தது, தொழுதது, நோன்பு நோற்றது.

கடனும் கருவூலமும்

பிலால் (ரலி) அவர்கள் முஅத்தினாக இருந்ததை அனைவரும் அறிவர். பெருமானார் (ஸல்) அவர்களின் வரவு செலவைக் கவனித்தவர்களும் அவர்களே என்பதைப் பலர் அறியார். பிற்காலத்தில் ஹலப் நகரில் அவர்களைச் சந்தித்த அப்துல்லாஹ் அல்-ஹவ்ஸனீ என்பவர் இதுபற்றி வினவியபோது, அவர்கள் விளக்கிக் கூறிய வரலாறு அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

உடையற்ற ஏழை யாரேனும் வந்தால், பெருமானார் (ஸல்) அவர்கள் பிலாலிடம் சொல்வார்கள். கையில் பொருள் இருக்காது. பிலால் (ரலி) அவர்கள் வெளியே சென்று கடன் வாங்கி, துணி வாங்கி உடுத்தி, உணவும் அளிப்பார்கள். இதனைக் கவனித்த இணைவைப்பாளர் ஒருவர், தம்மிடம் வசதி இருப்பதாகவும், இனித் தம்மிடமே கடன் பெறுமாறும் கூறினார். அவ்வாறே பெற்று வந்தார்கள். ஒருநாள் பிலால் (ரலி) அவர்கள் ஒளுச் செய்து பாங்கு சொல்ல எழுந்த வேளை, அம்மனிதர் வணிகர் கூட்டத்தோடு வந்து நின்றார். அபிசீனியனே என்று விளித்துக் கடுஞ்சொற்களை வீசினார். தவணை முடிய நான்கே நாட்கள் இருப்பதாகவும், கடன் தீராவிட்டால் பிலாலையே பிடித்துக்கொண்டு, முன்பு போல் ஆடு மேய்க்க விட்டுவிடப் போவதாகவும் எச்சரித்தார்.

அச்சொல் எவ்வளவு ஆழத்தில் தைத்திருக்கும்! பல்லாண்டுகளுக்கு முன் அறுபட்ட சங்கிலியின் ஓசை மீண்டும் காதில் விழுந்தது. அதுவும் எதனால்? தமக்கென ஒரு காசும் பெறாமல், பிறர் பசி தீர்க்க வாங்கிய கடனால். ஆயினும் பிலால் (ரலி) அவர்கள் தம் கடமையிலிருந்து நீங்கவில்லை. இஷாத் தொழுகை முடிந்து பெருமானார் (ஸல்) அவர்கள் இல்லம் திரும்பியதும், அனுமதி பெற்றுச் சென்று நிலைமையை மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். கடனைத் தீர்க்கத் தங்களிடமும் பொருளில்லை, என்னிடமும் இல்லை. இறைவன் வழிகாட்டும்வரை, இஸ்லாத்தைத் தழுவிய கோத்திரத்தார் எவரிடமாவது சென்றிருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு தம் வீட்டுக்கு வந்தார்கள். வாளையும் பையையும் காலணியையும் கேடயத்தையும் தலைமாட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, விடியலுக்காகக் காத்திருந்தார்கள்.

வைகறையின் முதற்கீற்றுத் தோன்றியது. புறப்பட எழுந்த வேளையில் ஒருவர் ஓடோடி வந்து, இறைத்தூதர் அழைப்பதாகச் சொன்னார். சென்று பார்த்தால், பொதி சுமந்த நான்கு ஒட்டகங்கள் படுத்திருந்தன. ஃபதக் பகுதியின் தலைவர் அன்பளிப்பாக அனுப்பிய உடையும் உணவும் அவற்றின்மீது இருந்தன. அவற்றைக் கொண்டு கடனைத் தீர்க்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கடன் முழுவதும் தீர்ந்தது. பள்ளிவாசலில் அமர்ந்திருந்த நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று பிலால் (ரலி) அவர்கள் கணக்கைச் சொன்னார்கள்.

வரலாறு இத்துடன் நிற்கவில்லை. மீதம் ஏதேனும் உண்டா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உண்டு என்று விடை வந்ததும், அதனைத் தேவையுடையோருக்குக் கொடுத்துத் தீர்க்கும்வரை தாம் வீட்டிற்குள் நுழையப் போவதில்லை எனக் கூறிவிட்டார்கள். அன்று இஷாவரை யாரும் கேட்டு வரவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்விரவைப் பள்ளிவாசலிலேயே கழித்தார்கள். மறுநாள் இஷாவுக்குப் பின், எல்லாம் கொடுத்தாயிற்று என்று பிலால் (ரலி) அவர்கள் அறிவித்த பிறகே, இறைவனைப் புகழ்ந்து இல்லம் ஏகினார்கள். அப்பொருள் தம்மிடம் இருக்கும்போதே மரணம் வந்துவிடுமோ என்பதே அவர்களின் அச்சம்.

பணியாளரின் சுமையைத் தம் சுமையாகக் கொண்ட தலைவர் ஒருபுறம். உள்ளதை உள்ளபடி கணக்குக் கொடுத்த பணியாளர் மறுபுறம். இவ்விருவருக்கும் இடையே நிலவிய நம்பிக்கைக்கு வேறு சான்று வேண்டுமா? பெருநாள் திடலில் பெண்கள் தம் காதணிகளையும் மோதிரங்களையும் தர்மமாகக் கழற்றித் தந்தபோது, அவற்றை ஏந்திய துணி பிலாலின் துணியே.

தவறு நேர்ந்தபோது

உழைப்போர் எவருக்கும் தவறு நேர்வது உண்டு. பிலால் (ரலி) அவர்களுக்கும் நேர்ந்தது. ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில், களைத்துப் போன படையினர் இரவின் இறுதியில் தங்கினர். சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பும் பொறுப்பு பிலாலிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் இயன்றவரை தொழுதுகொண்டிருந்துவிட்டு, வைகறை நெருங்கும் வேளையில் கிழக்கு நோக்கியவாறு தம் ஒட்டகத்தில் சாய்ந்தார்கள். கண் அயர்ந்துவிட்டது. வெயில் சுட்ட பின்பே அனைவரும் விழித்தனர். எல்லோர்க்கும் முன்னதாக விழித்த பெருமானார் (ஸல்) அவர்கள் பிலாலை அழைத்தார்கள். தங்களை ஆட்கொண்ட உறக்கமே தம்மையும் ஆட்கொண்டது என்று அவர்கள் உண்மையைக் கூறினார்கள். வசையோ தண்டனையோ இல்லை. சற்று தூரம் நகர்ந்து ஒளுச் செய்து, அதே பிலாலையே இகாமத் சொல்லப் பணித்துத் தொழுவித்தார்கள். மறந்த தொழுகையை நினைவு வந்ததும் தொழ வேண்டும் என்னும் சட்டமும் அவ்வேளையில் உம்மத்திற்குக் கிடைத்தது.

மற்றொரு முறை, பிலால் (ரலி) அவர்கள் பெருமானாருக்காக உயர்ரகப் பேரீச்சம்பழம் கொண்டு வந்தார்கள். தரங்குறைந்த பழத்தில் 2 ஸாவு கொடுத்து இதில் 1 ஸாவு மாற்றியதாகச் சொன்னார்கள். இது வட்டியேயாகும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உறுதியாகத் தடுத்தார்கள். அத்தோடு விடாமல், தரங்குறைந்ததை முதலில் விற்றுவிட்டு, அந்தக் கிரயத்தைக் கொண்டு நல்லதை வாங்க வேண்டும் என்று சரியான முறையையும் கற்றுத் தந்தார்கள். களைப்பினால் வந்த தவறுக்குக் கனிவு. அறியாமையால் வந்த தவறுக்குக் கல்வி. இரண்டிலும் பணியாளரின் மானத்திற்குப் பங்கமில்லை.

அந்த மானத்தைப் பிறர் தொட்டபோதோ பெருமானார் (ஸல்) அவர்கள் பொறுக்கவில்லை. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்துரைத்துவிட்டார்கள். இழித்துரைக்கப்பட்டவர் பிலாலே என்பது விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டும் செய்தி. அபூதரிடம் அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் எஞ்சியிருப்பதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பணியாட்கள் நம் சகோதரர்கள். நாம் உண்பதை அவர்களுக்கு ஊட்டி, நாம் உடுப்பதை உடுத்தி, தாங்க முடியாத வேலையைச் சுமத்தாது, சுமத்தினால் நாமும் கை கொடுக்க வேண்டும் எனப் போதித்தார்கள். அதன்பின் அபூதர் (ரலி) அவர்கள் உடுத்திய அதே வகைத் துணியையே அவர்களின் பணியாளரும் உடுத்தியிருந்ததை மக்கள் கண்டனர்.

கஅபாவின் முகட்டில்

ஹிஜ்ரி 8, கி.பி. 630. மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. கொடுமை செய்த உமையா ஆறு ஆண்டுகளுக்கு முன்பே பத்ரில் மடிந்திருந்தான். பெருமானார் (ஸல்) அவர்கள் கஅபாவினுள் நுழைந்தபோது உடன் சென்றவர்கள் மூவர்: விடுதலை பெற்ற அடிமையின் மைந்தர் உஸாமா (ரலி), திறவுகோல் காத்த குடும்பத்தின் உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி), பிலால் (ரலி). பின்னர் கஅபாவின்மீது ஏறிப் பாங்கு சொல்லுமாறு பிலால் (ரலி) அவர்களுக்குக் கட்டளை பிறந்தது. பெருங்குடியினர் சிலர் முகம் சுளித்தனர். மனிதரை ஓர் ஆணிலிருந்தும் ஒரு பெண்ணிலிருந்தும் படைத்து, அறிந்துகொள்வதற்காகவே குலங்களாக ஆக்கியதாகவும், இறையச்சம் மிக்கவரே மேலானவர் என்றும் கூறும் 49ஆம் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தை விரிவுரையாளர் பலர் இந்நிகழ்ச்சியுடன் இணைத்துப் பேசுவர். எந்தக் குறைஷியருக்காக வைகறைதோறும் இறைஞ்சினார்களோ, அந்தக் குறைஷியரே தொழுகைக்கு அணிவகுக்கும் காட்சியையும் பிலால் (ரலி) அவர்கள் தம் கண்களாலேயே கண்டார்கள்.

ஷாம் நாட்டில்

ஹிஜ்ரி 11இல் பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்தார்கள். மதீனாவின் ஒவ்வொரு மூலையும் பிரிவை நினைவூட்டிற்று. தம்மை அபூபக்ர் (ரலி) அவர்கள் தமக்காக வாங்கியிருந்தால் நிறுத்திக்கொள்ளட்டும், இறைவனுக்காக வாங்கியிருந்தால் இறைவழியில் செல்ல விடட்டும் என்று கேட்டு, ஷாம் நாட்டிற்குப் புறப்பட்டார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாமில் உதவித்தொகைப் பதிவேடுகளை ஏற்படுத்தியபோது, பிலாலின் பெயரை யாருடன் சேர்ப்பது என்று கேட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் இணைத்து வைத்த அபூ ருவைஹாவை விட்டுப் பிரிய மாட்டேன் என்றார்கள் பிலால் (ரலி) அவர்கள். அவர்களின் பொருட்டு அபிசீனியர் அனைவரின் பதிவும் கஸ்அம் கோத்திரத்தாருடன் சேர்க்கப்பட்டது. உமர் (ரலி) அவர்களோ, அபூபக்ர் நம் தலைவர், அவர் விடுவித்ததும் நம் தலைவரையே என்று பிலாலைப் போற்றி வந்தார்கள்.

அவர்களின் நேர்மைக்கு ஒரு நிகழ்ச்சியை இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார். அவர்களின் சகோதரர் ஓர் அரபுக் குடும்பத்தில் பெண் கேட்டார். பிலால் நேரில் வந்தால் கொடுப்பதாக அவர்கள் கூறினர். பிலால் (ரலி) அவர்கள் சென்று, இவர் என் சகோதரர்தாம்; ஆனால் குணத்திலும் மார்க்கத்திலும் குறையுடையவர்; விரும்பினால் கொடுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள் என்று ஒளிவின்றிச் சொன்னார்கள். பிலாலைச் சகோதரராகப் பெற்றவருக்குக் கொடுப்போம் என்று அவர்கள் மகிழ்ந்து இசைந்தனர். ஒருகாலத்தில் விலை பேசப்பட்ட மனிதரின் சொல், ஒரு குடும்பத்தின் மகளுக்கே பிணையாகும் அளவுக்கு மதிப்புப் பெற்றிருந்தது!

ஹிஜ்ரி 20இல் திமிஷ்க் நகரில் அவர்களின் இறுதிவேளை நெருங்கிற்று. துணைவியார் துயரத்தால் புலம்ப, அவர்களோ இது மகிழ்ச்சிக்குரிய வேளை என்றும், நாளை தம் நேசர்களான முஹம்மது (ஸல்) அவர்களையும் தோழர்களையும் சந்திக்கப் போவதாகவும் கூறி அமைதி அடைந்தார்கள். அந்நகரின் பாபுஸ் ஸகீர் அடக்கத்தலத்தில் துயில்கின்றார்கள்.

நாம் பெறும் பாடம்

சுவனத்தில் தமக்கு முன் பிலாலின் காலணி ஓசையைக் கேட்டதாகக் கூறி, அவர்கள் மிகவும் நம்பிக்கை வைக்கும் அமல் எதுவென்று ஒருமுறை பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒவ்வொரு முறை ஒளுச் செய்தபின்னும் இயன்ற அளவு தொழுவதையே அவர்கள் கூறினார்கள். சுடுமணலில் பட்ட வேதனையை அவர்கள் குறிப்பிடவில்லை. நாள்தோறும் தவறாமல் செய்த எளிய அமலையே குறிப்பிட்டார்கள்.

பிலால் (ரலி) அவர்கள் வகித்த பதவியை இன்று நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் வகிப்பவர் மோதினார். அவருக்கு நாம் எத்தகைய மதிப்பளிக்கிறோம்? மாதச் சம்பளத்தைக் காலந்தவறாது கொடுக்கிறோமா? நம் கடையிலும் தொழிற்கூடத்திலும் உழைக்கும் பிள்ளையின் திறமையைக் கண்டறிந்து, அதற்கேற்ற பொறுப்பைத் தருகிறோமா? அல்லது அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டு நிறுத்திவிடுகிறோமா? அவன் கண்ணயர்ந்த ஒருநாளை மட்டும் நினைவில் வைத்து, விழித்திருந்த நாட்களை மறந்துவிடுகிறோமா?

பிலால் (ரலி) அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்கிறோம். அப்பெயரை உயர்த்திய நீதியையும் நம் இல்லங்களிலும் தொழிலிடங்களிலும் நிலைநாட்டுவோமாக! அதற்கு வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.